ஆண்டாள் ஊரில் ஓர் அசனப் பந்தி

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசியைத் தாண்டும் நேரத்தில் பொழுது புலர்ந்துகொண்டிருக்கும். மேற்கே மலைத்தொடர் நீல நிறத்தில் மெல்லத் தெளிவாகும். அடுத்து வருவது ஸ்ரீவில்லிபுத்தூர். வடபத்ரசாயி கோயிலின் பதினோரு நிலை ராஜகோபுரம் 192 அடி உயரத்தில் ஊருக்கே காவல் நிற்பது போல் நிற்கும். தமிழக அரசின் முத்திரையில் நாம் தினமும் பார்க்கும் கோபுரம் அது. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜபாளையம். பஞ்சாலைகளின் ஊர், ராஜுக்களின் ஊர், வெள்ளை நிற வேட்டை நாய்க்குப் பெயர் கொடுத்த ஊர்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் வருகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான். ஆண்டாளைச் சேவித்து, 2019ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை வாங்கி, செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணிலைத் தேடி, அய்யனார் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே தங்க நேர்ந்தவர்களுக்கு இன்னொரு மணிச்சத்தமும் கேட்கும். முதல் மணி, சிறிது இடைவெளி, பிறகு இரண்டாம் மணி. முதல் மணிக்குக் குளித்து முடித்திருக்க வேண்டும். இரண்டாம் மணிக்குக் கோயிலுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளின் எழுதப்படாத சட்டம்.

அந்த மணி தென்னிந்தியத் திருச்சபையுடையது, சுருக்கமாக சி.எஸ்.ஐ. கோபுரத்துக்கு அருகே இருக்கும் இந்தச் சிறிய சபைக்கும் ஒரு பெரிய கதை இருக்கிறது. கூடாரத்தில் தொடங்கி, கைப்பிடி அரிசியில் வளர்ந்து, இன்று வாக்குப்பெட்டியின் முன் நிற்கும் கதை.

கூடாரத்தோடு வந்தவர்

தாமஸ் கஜேடன் ராக்லண்ட் 1815ல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, 1841ஆம் ஆண்டுத் தேர்வில் நான்காவது இடம் பெற்றவர். கல்லூரியிலேயே சுகமாக இருந்திருக்கலாம். 1845ல் கப்பலேறிவிட்டார். சென்னையில் சி.எம்.எஸ். மிஷனின் செயலராக இருந்தார். கணக்கும் கடிதமும் கமிட்டியுமாகச் சில ஆண்டுகள் போயின. அந்த நாற்காலியை விட்டுவிட்டு, 1854ல் திருநெல்வேலிச் சீமையின் வடபகுதிக்குக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அந்த நாளில் திருநெல்வேலியின் தென்பகுதியில் பனங்காடுகளுக்கு நடுவே பல கிறிஸ்தவ ஊர்கள் உருவாகிவிட்டன. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டில் அப்படி இல்லை. ஓர் ஊரில் பங்களா கட்டி உட்கார்ந்துவிட்டால் மற்ற ஊர்களை எட்ட முடியாது என்று ராக்லண்ட் நினைத்தார். அதனால் வீடே வேண்டாம், கூடாரம் போதும் என்று முடிவு செய்தார். புளியமரத்தடியில் சில நாள், கண்மாய்க்கரையில் சில நாள். அவருடன் இரண்டு இளைஞர்கள். ஒருவர் டேவிட் ஃபென். கேரளத்தின் கோட்டயத்தில் பணியாற்றிய ஜோசப் ஃபென்னின் மகன். மற்றவர் ராபர்ட் மெடோஸ்.

கரிசல் காட்டு வெயிலைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ராக்லண்டின் உடம்பு ஏற்கெனவே நுரையீரல் நோயால் தளர்ந்திருந்தது. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் திடீரென்று ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். வயது 43. கூடார ஊழியம் தொடங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பிற்பாடு, டோனாவூரில் குழந்தைகள் இல்லம் நடத்திய ஆமி கார்மைக்கேல் 1922ல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

மாதம் ஒரு முறை வந்த விருந்தாளிகள்

வெள்ளைக்காரர் ஒருவரின் தியாகக் கதையாக மட்டும் இதைச் சொன்னால் பாதிக் கதை விட்டுப்போகும். ராக்லண்டின் திட்டத்தில் முக்கியமான பங்கு தெற்கத்திச் சபைகளுடையது. நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று நீளும் அந்தச் செம்மண் தேரிக் காட்டுப் பகுதியின் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் பனையேறும் குடும்பங்கள். அங்கிருந்த சி.எம்.எஸ். சபைகள் முறைவைத்துத் தங்கள் உபதேசியார்களை வடக்கே அனுப்பின. ஒருவர் வந்து ஒரு மாதம் கூடாரத்தோடு அலைவார். அவர் திரும்பிப் போனதும் வேறு சபையிலிருந்து அடுத்தவர் வருவார். செலவு அனுப்பும் சபையுடையது. லண்டன் பணம் அல்ல.

பதநீர் காய்ச்சி, கருப்பட்டி விற்று வாழ்ந்தவர்களிடம் உபரியாக என்ன இருந்திருக்கும்? இந்த இடத்தில்தான் கைப்பிடி அரிசி வருகிறது. தென் தமிழகக் கிறிஸ்தவ வீடுகளில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. சோறு வடிக்க அரிசி அளந்ததும், உலையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். வாரக் கடைசியில் அந்தக் கலயம் கோயிலுக்குப் போகும். சேர்ந்த அரிசி உபதேசியாருக்குப் போகும், அல்லது விற்றுக் காசாகி ஊழியத்துக்கோ இல்லாதவருக்கோ போகும். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் யாரும் பட்டினி கிடக்கவில்லை. அந்தப் பிடியை எடுக்கும் உரிமை வீட்டுப் பெண்ணின் கையில் இருந்தது. கணவரிடம் கேட்டுக் காசு வாங்க வேண்டியிராத ஒரே காணிக்கை அது.

ராக்லண்டோடு கரிசல் காட்டில் நடந்த தமிழர்களில் டபிள்யூ.டி. சத்தியநாதன் ஒருவர். பாளையங்கோட்டையில் படித்து வந்தவர். பின்னாளில் சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் குருவாகப் பேர்பெற்றார். அவருடைய மனைவி அன்னா சத்தியநாதன் சென்னையில் பெண் கல்விக்குப் பாடுபட்டவர். பெரிய பட்டணத்துக்கு இந்தச் சிறிய நிலம் அனுப்பிவைத்த ஆட்கள் இவர்கள்.

கூடாரங்கள் மெல்லக் கட்டடங்களாயின. சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பு எழுந்தது. சாட்சியாபுரம் என்று அதற்குப் பெயர். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சுக்கும் பேர்போன ஊரின் ஓரத்தில், பள்ளிக்கூடங்களோடு இன்றும் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அந்தக் கிளையிலிருந்து துளிர்த்தவை.

மலையடிவாரத்தில் ராமநாதபுரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் சி.எஸ்.ஐ. காரர்களிடம் 'எந்தத் திருமண்டலம்?' என்று கேட்டால், 'மதுரை - ராமநாதபுரம்' என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கீழே இருந்துகொண்டு, கடலோர ராமநாதபுரத்தின் பெயரைச் சொல்கிறார்களே என்று வெளியூர்க்காரருக்குக் குழப்பம் வரும். காரணம் பழைய வருவாய்த்துறை வரைபடம். 1910ல் ஆங்கிலேயர்கள் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் மாவட்டத்தை உருவாக்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் வட்டங்கள் அதற்குள் போயின. 1985ல் மாவட்டம் மறுபடி பிரிந்து, இன்றைய விருதுநகர் மாவட்டம் வந்துவிட்டது. திருமண்டலத்தின் பெயர்ப்பலகையில் பழைய மாவட்டம் அப்படியே தங்கிவிட்டது.

திருமண்டலம் என்றால் என்ன? ஒரு பேராயரின் பொறுப்பில் இருக்கும் நிலப்பரப்பு. அதற்குள் பல சேகரங்கள். ஒரு சேகரத்துக்கு ஒரு குரு. அவருடைய பொறுப்பில் டவுன் சபை ஒன்றும், சுற்றுவட்டாரக் கிராமச் சபைகள் பலவும் இருக்கும். குருவை இந்தப் பக்கத்து மக்கள் 'ஐயர்' என்றும், அவர் மனைவியை 'ஐயரம்மா' என்றும் அழைப்பார்கள். ஆலயத்தைப் பெருக்கி, மணி அடித்துப் பார்த்துக்கொள்பவர் 'கோயில்பிள்ளை'. பெருமாள் கோயில் ஊரில் 'ஐயர் வீடு எங்கே?' என்று கேட்டால் இரண்டு வெவ்வேறு வீதிகளுக்கு வழி சொல்லும் வாய்ப்பு உண்டு.

இப்போதைய திருமண்டலம் பிறந்தது 1947 செப்டம்பர் 27 அன்று. நாடு விடுதலை பெற்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுச் சபைகள் ஒன்றாகி, தென்னிந்தியத் திருச்சபையாயின. இதற்கான பேச்சு 1919ல் தரங்கம்பாடியில் தொடங்கியது. முன்னின்றவர்களில் ஒருவர் தூத்துக்குடிப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1912ல் தோர்ணக்கல்லில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானவர் அவர். ஒரு நாட்டில் நடந்த பழைய சண்டைக்காக, அந்தச் சண்டை தெரியாத நம்மூர் மக்கள் ஏன் தனித்தனிக் கோயிலில் கும்பிட வேண்டும் என்பது அவர்களுடைய கேள்வி. இணைப்பைப் பார்க்க அசரியாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1945 ஜனவரி முதல் தேதி காலமானார்.

மதுரையில் இணைப்பு எளிதாக இருக்கவில்லை. மதுரை நகரமும் அதைச் சுற்றிய ஊர்களும் 1834ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனின் வளர்ப்பு. அந்த மரபில் பேராயரே கிடையாது. சபையார் கூடித் தீர்மானிப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், சாட்சியாபுரம் பக்கமோ ஆங்கிலிக்கன் மரபு. பேராயர், அங்கி, அச்சடித்த ஜெபப் புத்தகம் எல்லாம் உண்டு. இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே கூரைக்குள் வைத்து நடத்தும் வேலை 37 வயதான லெஸ்லி நியூபிகினுக்கு வந்தது. அவரோ ஸ்காட்லாந்து பிரஸ்பிடேரியன் மிஷனரி; பேராயர் இல்லாத மரபிலிருந்து வந்து பேராயர் ஆனவர். கிராமம் கிராமமாகச் சுற்றினார். அந்த அனுபவங்களை 1951ல் ஒரு நாட்குறிப்பு நூலாகவும் வெளியிட்டார். 1959 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆராதனைக்கு வந்து உட்காரும் ஒரு கல்லூரி மாணவிக்கு இதில் எந்த வித்தியாசமும் தெரியாது. அவளுடைய அம்மா மதுரை மிஷன் குடும்பம், அப்பா சி.எம்.எஸ். குடும்பம் என்பது கல்யாண வீட்டில் பெரியவர்கள் பேசிச் சிரிக்கும் விஷயமாகிவிட்டது. அந்த அளவில் 1947ன் வேலை முடிந்தது என்று சொல்லலாம்.

பிரசங்கத்துக்கு முன் ஊர்ச் செய்தி

சபையின் செய்தித்தாள் என்பது ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும் அறிவிப்புகள்தான். இன்னாருக்கு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை, ஜெபித்துக்கொள்ளவும். இன்னார் மகள் பிளஸ் டூ தேறியதற்கு ஸ்தோத்திரக் காணிக்கை. அடுத்த வாரம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். ஆலயத்து வெள்ளையடிப்புக்கு இதுவரை சேர்ந்தது இவ்வளவு. இவற்றோடு 'ஓலை' வாசிப்பும் உண்டு. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும் என்று மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். பனை ஓலை காகிதமாகி, காகிதம் வாட்ஸ்அப்பில் வந்தாலும், பெயர் மட்டும் ஓலைதான்.

அச்சில் வந்த சபைச் செய்திக்கும் இங்கே நீண்ட மரபு உண்டு. மதுரை பசுமலையில் அமெரிக்க மிஷனுக்குச் சொந்த அச்சகம் இருந்தது. 'சத்தியவர்த்தமானி' என்ற இதழ் அங்கிருந்து வெளிவந்தது. தெற்கே திருநெல்வேலித் திருமண்டலத்துக்கு 'நற்போதகம்'. எந்த ஐயர் எந்தச் சேகரத்துக்கு மாறுகிறார், எங்கே பிரதிஷ்டைப் பண்டிகை, எந்தப் பள்ளிக்கு ஆசிரியர் தேவை என்பதெல்லாம் இத்தகைய பக்கங்கள் வழியாகத்தான் ஊர் ஊராகப் போயின. மாற்றல் செய்திக்கு எப்போதும் மவுசு அதிகம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஐயர் மாறிப்போவார். வழியனுப்பு விழாவில் அழுகிறவர்களில் சிலர், புது ஐயர் வந்த மறுவாரமே பழையவரோடு அவரை ஒப்பிடத் தொடங்கிவிடுவார்கள்.

பேராயர் வருகிற நாள் தனிக் கொண்டாட்டம். அன்று பவனியும் மாலையும் மேளமும் இருக்கும். பருவம் எய்திய பிள்ளைகள் வெள்ளை உடையில் வரிசையாக முழங்காலிட, அவர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். திடப்படுத்தல் என்பது இதுதான். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை நற்கருணைக்கு உரியவர். 1976 முதல் இந்தத் திருச்சபையில் பெண்களும் குருக்களாக இருக்கிறார்கள். 2013ல் நந்தியாலில் புஷ்பலலிதா முதல் பெண் பேராயரானார். 'ஐயர்' என்றே சொல்லிப் பழகிய கிராமங்களுக்குப் பெண் குரு வந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்ற சிக்கலை மக்களே 'அம்மா' என்று தீர்த்துக்கொண்டார்கள்.

மார்கழியில் இரண்டு பஜனை

ஸ்ரீவில்லிபுத்தூரில் டிசம்பர் மாதம் கழித்தவர்களுக்குத்தான் இந்த ஊரின் காது எப்படிப்பட்டது என்று புரியும். விடியற்காலையில் கோயில் பக்கமிருந்து திருப்பாவை. இரவு நேரத்தில் வீடு வீடாகப் போகும் கிறிஸ்துமஸ் பஜனை. கேரல் ரவுண்டு என்று இளைஞர்கள் சொன்னாலும் பெரியவர்களுக்கு அது பஜனைதான். முன்பு பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஆர்மோனியம், ஜால்ரா; இப்போது கீபோர்டும் செல்போன் வெளிச்சமும். நட்ட நடு இரவில் வந்து பாடுகிறவர்களுக்கு வீட்டுக்காரம்மா காபியோ முறுக்கோ கொடுத்தே ஆக வேண்டும்.

பாட்டிலும் இந்த இரு மரபுகளுக்கும் தூரம் அதிகமில்லை. சி.எஸ்.ஐ. ஆராதனையில் மேல்நாட்டு மெட்டுப் பாமாலைகளோடு கீர்த்தனைகளும் பாடப்படும். அவற்றில் பல தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் கர்நாடக ராகங்களில் அமைத்தவை. திருநெல்வேலிப் பக்கத்து வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858ல் கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தையே எழுதினார். மதம் மாறியபின் சாமியின் பெயர் மாறியதே தவிர, உருகிப் பாடும் தமிழ் மாறவில்லை என்பதற்கு அவர் சாட்சி.

ராஜபாளையத்தின் ராகம் வேறு. அங்கே சங்குச் சத்தம்தான் ஊர்க் கடிகாரம். 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து நூற்பாலைகள் பெருகின. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி நாட்டின் பல மருத்துவமனைகளில் புண்ணைக் கட்டுகிறது. ஷிப்ட் முடிந்து வருகிற தொழிலாளி, கிராமத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், மாற்றலில் வந்த ஆசிரியை, ரயில்வே ஊழியர் என்று பல ஊர்க்காரர்கள் கலந்தது டவுன் சபை. பூர்வீகச் சபை வேறெங்கோ இருக்க, இங்கே சந்தா கட்டி, அங்கே பண்டிகைக்குப் போகிறவர்கள் பலர்.

பந்தியில் உட்காருவது யார்?

அந்தப் பண்டிகைகளில் உச்சம் அசனம். நெல்லைச் சீமையில் தொடங்கி விருதுநகர்ப் பக்கம் வரை இந்தச் சொல் தெரியாத கிறிஸ்தவர் இல்லை. அறுப்பின் பண்டிகைக்கோ ஆலயப் பிரதிஷ்டைக்கோ சபை முழுவதற்கும் சேர்த்துச் சமைக்கும் விருந்து அது. முதல் நாளே அடுப்பு வெட்டி, அண்டாவை ஏற்றிவிடுவார்கள். இரவெல்லாம் ஆண்கள் வெங்காயம் உரித்து, கத்தரிக்காய் நறுக்கி, கதை பேசி விழித்திருப்பார்கள். மறுநாள் ஆராதனை முடிந்து ஐயர் ஜெபித்ததும் பந்தி தொடங்கும். வயலில் விளைந்ததும் வீட்டில் வளர்த்ததும் காணிக்கையாக வந்து ஏலத்துக்குப் போகும். கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் தேங்காய், இரண்டு உறவினரின் வீம்பில் பல நூறு ரூபாய்க்கு ஏறுவதும் உண்டு. லாபம் சபைக்கு.

வெறும் சாப்பாட்டுக்காகவா இவ்வளவு? பந்திக்குப் பின்னால் ஒரு பழைய போராட்டம் இருக்கிறது. 1850ல் சென்னையில் கூடிய மிஷனரிகளின் மாநாடு, எந்தச் சாதியார் சமைத்ததையும் உண்ணத் தயாராக இல்லாதவரைச் சபையில் சேர்க்கக் கூடாது என்று நிலையெடுத்தது. மதுரை அமெரிக்க மிஷனிலும் அதே காலத்தில் 'அன்பின் விருந்து' ஒரு பரீட்சையாக வைக்கப்பட்டது. சேர்ந்து உண்ண மறுத்து வெளியேறிய உபதேசியார்களும் இருந்தார்கள். ஞானஸ்நானத் தண்ணீரில் கரையாத சாதி, சோற்றில் கரையுமா என்று பார்த்த முயற்சி அது.

முழுதாகக் கரைந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான்கு வெளிநாட்டு மரபுகளை ஒன்றாக்க முடிந்த திருச்சபையால், ஒரே கிராமத்தின் இரண்டு தெருக்களை ஒன்றாக்குவது பல இடங்களில் இன்னும் முடியவில்லை. தலித் கிறிஸ்தவர்களின் நிலை இரட்டைச் சுமை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவருக்கு விரியவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். வெளியே சான்றிதழில் சாதி இல்லை என்கிறார்கள். உள்ளே கல்லறைத் தோட்டத்தில்கூட சாதி இருக்கிறது என்ற வேதனையை இப்பகுதித் தலித் சபைகளில் அடிக்கடி கேட்கலாம்.

இந்த வேதனைக்குப் பாட்டில் பதில் சொன்னவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சி.எஸ்.ஐ. குரு தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்று சொன்னால்தான் கிராமத்தில் தெரியும். 2005ல் காலமானார். கீர்த்தனையும் பாமாலையும் படித்தவர் வீட்டு ராகம் என்று கருதி, பறையும் நாட்டுப்புற மெட்டும் கொண்டு ஆராதனை முறையையே அமைத்தார். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் 'ஒரே உலை'. தனித்தனி அடுப்பில் பொங்கித் தனித்தனியாக உண்ணும் வரை சபை என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்ணும் குடும்பமே சபை என்பது அவர் கருத்து. பிடியரிசியை நூறு ஆண்டுக்கு மேலாக ஒன்றாகக் கொட்டி வந்த மக்களுக்கு, அந்தச் சொல்லை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அரிசிக் கலயமும் வாக்குப்பெட்டியும்

இன்றைய கவலை வேறொரு பெட்டியைப் பற்றியது. சேகரக் கமிட்டி முதல் திருமண்டலப் பெருமன்றம், சினாடு வரை சி.எஸ்.ஐ. அமைப்பு முழுவதும் தேர்தலால் நடப்பது. சாதாரண சபையாரும், பெண்களும், இளைஞர்களும் வாக்களித்து நிர்வாகத்தில் பங்கேற்பது இந்தத் திருச்சபையின் பெருமை. அதுவே தலைவலியும் ஆகிவிட்டது. மிஷன் காலத்தில் வந்த நிலங்கள், பள்ளிகள், கல்லூரிகள், பணி நியமனங்கள் எல்லாம் நிர்வாகத்தின் கையில் இருப்பதால், தேர்தல் என்றால் அணிகள், பேனர்கள், வேன்கள் என்றாகிவிடுகிறது. சினாடு தேர்தல் முதல் திருமண்டலத் தேர்தல் வரை வழக்குகள் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடியவர்கள் தேர்தலுக்குப் பின் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளாமல் இருப்பது பல சேகரங்களின் கதை.

இன்னொரு பக்கம், பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். பொறியியல் முடித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும், நர்சிங் முடித்தவர்கள் வளைகுடாவுக்கும் போய்விட, கிராமச் சபைகளில் ஞாயிறன்று மிஞ்சுவது வயதானவர்களும் சிறுபிள்ளைகளும். மிக்ஸியும் குக்கரும் வந்த வீட்டில் பிடியரிசிக் கலயத்துக்கு இடமில்லை. காணிக்கை இப்போது கவரிலும் க்யூ.ஆர். கோடிலும் போகிறது. கணக்குக்கு அது வசதிதான். ஆனால், தினமும் உலை வைக்கும்போது அடுத்த வீட்டை நினைத்த அந்த ஒரு நொடியைக் கவரில் போட முடியாது என்று ஆதங்கப்படும் பாட்டிகள் இருக்கிறார்கள்.

வெளியே போன பிள்ளைகள் எதற்காகத் திரும்பி வருகிறார்கள் என்று கவனித்தால், அதில் ஒரு தகவல் இருக்கிறது. தேர்தலுக்கு வருகிறவர்கள் சிலரே. கிறிஸ்துமஸ் பஜனைக்கும் அசனத்துக்கும் லீவு போட்டு வருகிறவர்கள் ஏராளம். வர முடியாதவர்களும் அசனச் செலவுக்கு ஒரு மூட்டை அரிசி என்று பணம் அனுப்பிவிடுகிறார்கள். கைப்பிடி, மூட்டையாகிவிட்டது. முன்பு தெற்கத்திச் சபைகள் மாதம் ஒருவரை அனுப்பின. இப்போது ஊரைவிட்டுப் போனவர்கள் ஊருக்கு அனுப்புகிறார்கள். திருச்சபையின் ஒற்றுமை எங்கே மிச்சமிருக்கிறது என்று தேடுபவர்கள் நீதிமன்ற வராந்தாவில் தேடுவதைவிட அந்த அண்டாவின் பக்கத்தில் தேடினால் கிடைக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ போகிறவர்கள் தரிசனமும் பால்கோவாவும் முடித்த பிறகு, ஒரு ஞாயிறு காலை இருந்தால் சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குள் போய் உட்காரலாம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனால், பக்கத்திலிருப்பவர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, எண்ணைக் காட்டி நீட்டுவார். எந்த மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்த ஊர் என்று கட்டாயம் கேட்பார்கள். அன்று அசனமாக இருந்துவிட்டால், சாப்பிடாமல் கிளம்ப விடமாட்டார்கள். பந்தியில் இடம் பிடித்து உட்கார வேண்டியதுதான். இரண்டு பக்கத்திலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் உட்காரலாம். அதற்காகத்தான் அந்தப் பந்தியே.